கன்னியம்மாவுக்கு மஞ்சள் கயிறு

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. "ஆடாம உட்காருங்க" என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை அதட்டிக்கொண்டே வகுப்பறையைச் சுற்றிச் சுற்றி வருகிற டீச்சர் நான். வீட்டிலும் இதே கதைதான். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ரயில் போய்க்கொண்டே இருக்கும். அது போதாதென்று நானும் கூடத்துக்கும் அடுப்படிக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறேன் என்று என் கணவர் அலுத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கார் சாவியைத் தேட ஆரம்பித்தால், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார், "இன்னிக்கு எந்தப் பேய வீட்டுக்குக் கூட்டிட்டு வரப் போற?"

பேய் மட்டுமில்லை. முனி, கன்னி, வேப்பமரத்துக் காளி, பாலத்தடியில் நின்று பீடி கேட்கிற கங்காணி, எல்லாரையும்தான் கூட்டி வருவேன். கிள்ளானுக்குத் தெற்கே, தெலுக் பங்லிமா காராங், ஜெஞ்சாரோம் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ரப்பர்ப் பால்மரத் தோட்டமாக இருந்து, பிறகு எண்ணெய் எடுக்கிற செம்பனையாகி, இப்போது தொழிற்சாலையும் வீடமைப்புமாக மாறிக்கொண்டிருக்கிறது. சனங்கள் தோட்டத்து லயங்களில் இருந்த வரிசை வீடுகளைக் காலி செய்துவிட்டுப் போகும்போது சாமியை மறக்காமல் லோரியில் ஏற்றிக்கொள்கிறார்கள். சாமியின் கதை மட்டும் யாருக்காவது ஞாபகமிருந்தால் உண்டு. நான் போய்க் கேட்டு, போனில் பதிந்து, வீட்டுக்கு வந்து சொன்னது சொன்னபடி எழுதி வைக்கிறேன். இதைச் சேவை என்று யாராவது மேடையில் புகழ்ந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஒரு சேவையுமில்லை. யாராவது ஒரு கதையைப் பாதியில் விட்டுவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

இந்த வேலையில் நான் வைத்திருக்கிற விதி ஒன்றுதான். சொல்கிறவரை மறித்துப் பேசக் கூடாது. துரையின் குதிரை வானத்தில் பறந்தது என்றாலும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்க வேண்டும். வகுப்பில் ஒரு வாக்கியத்தை முழுதாக முடிக்கவிடாமல் பிள்ளைகளைத் திருத்துகிற நான் இதை எப்படிக் கடைப்பிடிக்கிறேன் என்பது என் கணவருக்கு இன்றுவரை புரியாத புதிர்.

கன்னியம்மா கோயிலுக்கு நான் முதன்முதலில் போனது ஓர் ஆடி மாதப் பூசையன்று. ஜெஞ்சாரோமைத் தாண்டிச் செம்பனைக்குள் போகிற மண்சாலையின் முடிவில், பெரிய வாய்க்காலின் கரையில், தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். உள்ளே சிலை கிடையாது. முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். கல்லுக்குப் பாவாடை தாவணி கட்டி, கண் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். பூசை செய்வது ஓர் அம்மாள். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, அதிகம் பேசாதவர். கன்னியம்மாவின் கூடப்பிறந்த தங்கை அவர். அதனாலேயே வருகிறவர்கள் கல்லைக் கும்பிட்ட கையோடு அவர் காலையும் தொட்டுக் கும்பிட்டார்கள்.

பூசாரி அம்மாள் எனக்குக் கதையைச் சொன்னார். அவருடைய அக்காவுக்கு அப்போது பதினெட்டு வயசு. தோட்டத்துத் துரை அவள் மேல் கண் வைத்தான். விடிகாலையில் பால்வெட்டப் போன இடத்தில் அவளைத் துரத்தினான். அவள் ஓடி வந்து இந்த வாய்க்காலில் குதித்துவிட்டாள். கடல் பொங்கி வாய்க்காலில் தண்ணீர் ஏறியிருந்த நேரம் என்பதால் உடம்பு கிடைக்கவேயில்லை. கரையில் ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. அப்பா தலைமுழுகிக் காரியம் செய்தார். கொஞ்ச நாளில் லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல். யார் மேலோ சாமி வந்து, "நான் கரையில நிக்கிறேன், எனக்கு வெளக்கு வைங்க" என்று கேட்டது. அப்பா கல்லை நட்டார். காய்ச்சல் இறங்கியது.

இந்த மாதிரிக் கதைகள் என்னிடம் வேறு சிலவும் உண்டு. துரை மாறுவான், வாய்க்கால் கிணறாகும், அவ்வளவுதான். ஆனால் பூசைத் தட்டைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வளையல், சீப்பு, கண்ணாடி, ரிப்பன், இவையெல்லாம் கன்னித் தெய்வத்துக்கு வைப்பதுதான். கூடவே ஒரு மஞ்சள் கயிறும் இருந்தது. நுனியில் மஞ்சள் கிழங்கு கட்டிய, புத்தம் புதிய தாலிக் கயிறு. கல்யாணமே ஆகாமல் செத்துப் போனவளுக்கு எந்த ஊரில் தாலிக் கயிறு வைப்பார்கள்? பக்தர்கள் எல்லாருக்கும் கையில் காப்புக் கட்டி முடித்த பிறகு, கடைசியாகப் பூசாரி அம்மாள் அந்தக் கயிற்றை எடுத்துக் கல்லின் கழுத்தில் கட்டினார்.

"இது ஏம்மா?" என்று கேட்டேன்.

"அது பழக்கம்" என்றார். சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

பக்கத்தில் இருந்த பெண்கள்தான் எனக்கு விளக்கினார்கள். பழைய பூசாரி, அதாவது அப்பா, இருந்த வரைக்கும் இந்தக் கயிறு கிடையாதாம். இவர் பூசைக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்ததாம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஆலமரத்தில் இருக்கிற முனி, தண்ணீரில் விழுந்தவளைத் தாங்கிப் பிடித்துத் தானே கட்டிக்கொண்டாராம். தங்கச்சி கனவில் வந்து கன்னியம்மாவே சொன்னதாம். முனி தாலி கட்டிய கன்னி. எனக்குத் தலைகால் புரியவில்லை. காரில் வரும்போது ரேடியோவைக்கூடப் போடாமல் அந்தக் கதையையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

டீச்சர்மார் சிலர் சேர்ந்து வைத்திருக்கிற வாட்ஸ்அப் குழுவில் நான் அவ்வப்போது இந்தக் கதைகளை என் குரலில் சொல்லிப் போடுவதுண்டு. இதையும் போட்டேன். மஞ்சள் கயிறு வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, நன்றாகவே சொல்லியிருந்தேன். அது ஊரெல்லாம் சுற்றியது. என் நாத்தனாருக்கே வேறு யாரோ அனுப்பி, "இந்த டீச்சர் குரல் உன்னோடது மாதிரியே இருக்கு" என்று அவர் எனக்கே திருப்பி அனுப்பினார்.

அதற்கப்புறம் பல மாதங்கள் கழித்து, பள்ளி முடிந்து நான் காரைத் திறக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். வயசான பெண்குரல்.

"டீச்சர், அந்தக் கன்னியம்மா கதை சொன்னது நீங்கதானே?"

"ஆமா. சொல்லுங்க."

"அதுல மஞ்சக் கயிறு வைக்கிறாங்கன்னு சொன்னீங்க. நெஜமாவா? நீங்க கண்ணால பாத்தீங்களா?"

இப்படிப்பட்ட போன்கள் எனக்கு வழக்கம். கதை கேட்டவர்கள் எல்லாரும் எதையாவது திருத்துவார்கள். பார்த்தேன் என்றேன் சுருக்கமாக. போன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நான் வைக்கப் போகையில் குரல் திரும்ப வந்தது.

"அந்தப் பொண்ணு வாய்க்கால்ல விழல டீச்சர். அது நாந்தான்."

மறுநாளே கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவரைப் பார்த்தேன். நான் சீக்கிரமாகவே போய், உட்கார முடியாமல் கடை வாசலில் நடந்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபமாகவும் இருந்தது. நான் சேர்த்ததிலேயே நல்ல கதை அது. அதைக் கெடுக்க ஒருவர் உயிரோடு வருகிறாரே என்று இருந்தது. அவர் பஞ்சாபி சூட் போட்டுக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு வந்தார். எழுபதைத் தாண்டிய, பருமனான, நிதானமான ஆன்டி. முகவெட்டு அப்படியே பூசாரி அம்மாள். பொய் சொல்கிறாரோ என்ற சந்தேகம் அந்த நிமிஷமே போய்விட்டது.

பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், தே ஓ, வாங்கிக்கொண்டு தன் கதையைச் சொன்னார். துரை துரத்தவில்லை. துரை நல்ல மனுஷன்தானாம், பாவம். தோட்டத்துக்குப் பால் ஏற்ற வருகிற லோரி டிரைவரோடு இவருக்குப் பழக்கம். அவர் வேற சாதி. அப்பாவுக்குத் தெரிந்தால் வெட்டிப் போட்டுவிடுவார். ஒரு விடிகாலையில் எல்லாரும் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்குப் போயிருந்தபோது வாய்க்கால் கரையோடு நடந்து, ரோட்டில் நின்ற லோரியில் ஏறிவிட்டார். பாதி வழியில் செருப்பு அறுந்துவிட, அதை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

"வீட்டுல யாருக்கும் தெரியாதா ஆன்டி?"

"தங்கச்சிக்கு மட்டுந்தான் தெரியும். சின்னப் பொண்ணு அப்ப. கரை வரைக்கும் கூடவே வந்துட்டா. எப்ப வருவன்னு அழுதா. தாலி கட்டிக்கிட்டு வந்துர்றேன், யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னேன். அவ சொல்லவே இல்லல்ல டீச்சர், இன்னிக்கு வரைக்கும்."

அவமானம் தாங்காத அப்பா, மகள் செத்துப்போனாள் என்று சொல்லிவிட்டார். செருப்பு சாட்சியாகக் கிடந்தது. கல் நட்ட சேதி இவருக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்திருக்கிறது. கிள்ளான் பாசாரில் மீன் வாங்கும்போது பக்கத்தில் நின்ற ஒருத்தி, கன்னியம்மாவிடம் வேண்டிக்கொண்டு பிள்ளை பிறந்ததாகச் சொல்லியிருக்கிறாள். இவர் மீனை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு பள்ளிக் கேண்டீனில் வேலை பார்த்து, பிள்ளையை வளர்த்து, இத்தனை காலமும் காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக் கூடிய தூரத்தில்தான் இருந்திருக்கிறார். ஒரு தடவைகூடப் போகவில்லை.

"எப்படிப் போறது? என்னையத்தான் அங்க கும்புடுறாங்களே" என்றார். சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மகனுக்கு மெல்பர்னில் வேலை கிடைத்துவிட்டது. ஆடி முடிந்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரேயடியாகப் போகிறான். இனி திரும்பி வருகிற வயசு இல்லை. போவதற்குள் தங்கையை ஒருமுறை பார்க்க வேண்டும். அவள் சம்மதித்தால்தான், அவளுக்கு ஒரு தொல்லையும் வராமல்.

"கயிறு வைக்கிறான்னு நீங்க சொன்னதக் கேட்டுத்தான் தைரியம் வந்துச்சு. என்னைய வெறுத்துட்டான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். வெறுத்தவ கயிறு வைப்பாளா?"

அப்போதுதான் அவர் கழுத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லாமல் இருந்தது. நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகிறதாம். "அத அவகிட்ட நீங்க சொல்லாதீங்க. நானே நேர்ல சொல்லிக்கிறேன்" என்றார். பதிவு செய்யட்டுமா என்று கேட்டுப் போனை மேசையில் வைத்தேன். "மொதல்ல தங்கச்சி. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் சொல்றேன் டீச்சர்" என்று போனை என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

அந்த வாரக் கடைசியிலேயே ஜெஞ்சாரோமுக்கு ஓடினேன். பூசாரி அம்மாள் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து விளக்குகளைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். யாரும் இல்லை. இப்படிப்பட்ட சேதியைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். எனக்கு அது வராது.

"அந்த மஞ்சக் கயித்தப் பத்தி ஒருத்தங்க கேட்டாங்கம்மா. புருஷன் லோரி ஓட்டினவராம்."

துலக்குகிற கை நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகத் துலக்கியது.

"அடுத்த மாசம் ஆடிக்கப்புறம் மெல்பர்ன் போறாங்க. அதுக்குள்ள உங்களப் பாக்கணும்னு ஆசைப்படுறாங்க. ஒரே ஒரு வாட்டி."

"டீச்சர்" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "இந்த எடத்த வீடு கட்ட வித்தாச்சு. கோயிலுக்கு மாத்து நெலம் தர்றேன்னு இப்பத்தான் ஒத்துக்கிட்டிருக்காங்க. இந்த நேரத்துல சாமி உசுரோட இருக்குன்னு எவனாச்சும் கேள்விப்பட்டா என்ன ஆவும்?"

"யாருக்கும் சொல்ல மாட்டோம்லா."

"நெலம் போனாக்கூடப் போகட்டும். புருஷன் அடிச்சான்னு இங்க வந்து அழுதிருக்காங்க. புள்ள செத்துப் போச்சுன்னு வந்து உருண்டிருக்காங்க. எங்கம்மா சாகுற வரைக்கும் இந்தக் கல்லப் பேர் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டு இருந்துச்சு. அவ உசுரோட வந்து நின்னா, இவங்கல்லாம் யார்கிட்ட அழுதாங்க?"

எனக்கு என் விதி மறந்துவிட்டது. மறித்துப் பேசினேன். "கல்லுக்கு வருஷா வருஷம் கயிறு கட்டுறீங்க. உசுரோட இருக்கிறவங்கள ஒரு வாட்டி பாக்க முடியாதா?" என்று வகுப்பில் கத்துவது போலவே கத்திவிட்டேன்.

அவர் துலக்கிய விளக்கைக் கவிழ்த்து வைத்தார். "போயிட்டு வாங்க டீச்சர்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்த வாரங்களில் நான் பட்ட பாடு என் வீட்டாருக்குத்தான் தெரியும். சோற்றைக் குழைய விட்டேன். பரீட்சைத் தாளைத் திருத்த உட்கார்ந்து, ஒரு தாளுக்கு ஒரு தடவை எழுந்தேன். கிள்ளானிலிருந்து ஆன்டி தினமும் போன் போடுவார். "ஏதாச்சும் சேதி?" என்பார். இல்லை என்பேன். "பரவால்ல" என்று வைத்துவிடுவார். அந்தப் பரவால்லதான் என்னைப் பிடுங்கித் தின்றது. இந்தக் கதையை நான் ஊருக்கெல்லாம் சொல்லாமலிருந்தால் அவருக்கு ஆசையே வந்திருக்காதே என்று தோன்றும். சொல்லியிருக்காவிட்டால் தங்கை கயிறு வைப்பதே தெரியாமல் போயிருப்பாரே என்றும் தோன்றும். என் கணவர் ஒரு நாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பேய்களே தேவல, இல்ல?" என்றார். அவர் கேலி செய்யவில்லை.

ஆடிப் பூசைக்கு முந்தைய புதன்கிழமை, இடைவேளை மணி அடிக்கிற நேரத்தில் பூசாரி அம்மாள் போன் செய்தார்.

"ஞாயித்துக்கெழம பூசை. இங்க எல்லாரும் வரலாம். யாரையும் வராதன்னு நான் சொல்றதில்ல. ஆனா எல்லாரும் வரிசையிலதான் நிக்கணும்."

அதைச் சொன்னதும் வைத்துவிட்டார். நான் அந்த இடைவேளையில் பிள்ளைகளைத் திட்டவேயில்லை.

சனிக்கிழமை ஆன்டியை மஸ்ஜித் இந்தியா புடவைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனேன். கன்னியம்மாவுக்குப் புடவை வைத்தால், பூசை முடிந்ததும் அது பூசாரி அம்மாளுக்குத்தான் போய்ச் சேரும் என்று நான் சொல்லியிருந்தேன். ஆன்டி கடை கடையாக ஏறி இறங்கினார். அவர் ஒவ்வொரு புடவையையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து விரித்துப் பார்க்கும்போது எனக்குப் பொறுமை எல்லாம் தீர்ந்து, கடைக்காரரே எனக்கு நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. "சின்னதுல அவளுக்குப் பச்சை பிடிக்கும். இப்ப என்ன பிடிக்கும்னு தெரியலயே" என்று ஆன்டி என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? கடைசியில் பச்சையே எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை பெய்து மண்சாலை சேறாகிக் கிடந்தது. காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்தோம். வாய்க்கால் கரையைப் பார்த்ததும் ஆன்டி நின்றுவிட்டார். "பால்மரமெல்லாம் இல்ல" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். கூட்டம் நன்றாக இருந்தது. புது இடத்துக்கு மாறுவதற்கு முன் இங்கே இதுதான் கடைசிப் பூசை என்று பேசிக்கொண்டார்கள். நாங்கள் வரிசையில் நின்றோம். ஆன்டிக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண், பின்னால் நான்.

பூசாரி அம்மாள் ஒவ்வொருவரிடமும் பேரும் நட்சத்திரமும் கேட்டு, கல்லுக்கு முன் சூடம் காட்டி, திருநீறு பூசி, கையில் சிவப்புக் காப்புக் கயிறு கட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தட்டு. வளையல், சீப்பு, கண்ணாடி, ரிப்பன், மஞ்சள் கயிறு. கைக்குழந்தைக்காரி நகர்ந்தாள். ஆன்டி புடவையை நீட்டினார்.

பூசாரி அம்மாள் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு கழுத்தைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றுவிட்டது. வரிசையில் பின்னால் யாரோ இருமினார்கள்.

அவர் பேர் கேட்கவில்லை. கல் பக்கம் திரும்பிச் சூடம் காட்டும்போது, "அனுஷ நட்சத்திரம்" என்று அவராகவே மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. திரும்பி, ஆன்டியின் நெற்றியில் திருநீறு பூசினார். சிவப்புக் கயிற்றுக் கண்டை எடுக்கப் போன கை, அதைத் தாண்டிப் போய்த் தட்டிலிருந்த மஞ்சள் கயிற்றை எடுத்தது. மஞ்சள் கிழங்கை அவிழ்த்துத் தட்டிலேயே வைத்தார். வெறும் கயிற்றை ஆன்டியின் இடது மணிக்கட்டில் சுற்றினார். கட்டிய பிறகும் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை. ஆன்டியும் இழுத்துக்கொள்ளவில்லை.

"அடுத்தவங்க" என்றார் பூசாரி அம்மாள். அடுத்தது நான். என் பேரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். எனக்கு நட்சத்திரமே மறந்துபோய், எதையோ சொல்லி வைத்தேன்.

வரிசை தீர்ந்து, கல்லுக்குக் கயிறு கட்டுகிற நேரம் வந்தது. கட்டவில்லை. பெண்கள் கேட்டார்கள். "இனிமே கயிறு கெடையாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பச்சைப் புடவையை மடித்துக் கல்லின் மேல் சாத்தினார். அவ்வளவுதான், சாப்பாட்டுக் கொட்டகைக்குள் கதை தயாராகிவிட்டது. எங்களுக்கு எதிரில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் சொல்ல ஆரம்பித்தாள்.

"எடம் மாறப் போறாங்கல்ல ஆன்டி, முனி வரமாட்டேன்னுட்டாராம். ஆலமரத்த விட்டு வரமாட்டாராம். கன்னியம்மா மட்டும் தனியாப் போறாங்களாம். அதான் கயித்த எறக்கிட்டாங்க."

என் கை பழக்கத்தில் போனை எடுத்துவிட்டது. ஆன்டி பொங்கலைக் கீழே வைத்துவிட்டு, மஞ்சள் கயிறு கட்டிய கையைக் கன்னத்தில் ஊன்றிக்கொண்டு அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணும் விடவில்லை, நிறையச் சொன்னாள். ஆன்டி கடைசிவரை கேட்டார். நானும் மறிக்கவில்லை.

திரும்பி வரும்போது நான்தான் பொறுமையிழந்து பேசிக்கொண்டு வந்தேன். ஒரு வார்த்தையாவது பேசியிருக்கலாமே, வீட்டுக்காரர் விஷயத்தைக்கூடச் சொல்ல முடியவில்லையே, இதற்கா இத்தனை அலைச்சல் என்று ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சொன்னேன். ஆன்டி ஜன்னல் வழியாகத் தொழிற்சாலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். தெலுக் பங்லிமா காராங் சிக்னலில் கார் நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

"டீச்சர், அவ கை சுட்டுச்சு. காய்ச்சல் போல இருக்கு. மழையில வேற நின்னுருக்கா. நாளைக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க."

மறுநாள் காலை, பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே நான் போன் போட்டேன். காய்ச்சலா அம்மா என்று கேட்டேன். கோழி கூவுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் வகுப்பறை வாசலில் நின்றபடி காத்திருந்தேன்.

"கொஞ்சந்தான்" என்றார் பூசாரி அம்மாள். "மாத்திரை போட்டுட்டேன்னு சொல்லிருங்க."